கதவு குறுக்கே போனபோது

சூளை கிளை நூலகத்தில்
மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு
மனதைப் பற்றிப் பேசுவேன்.
பன்னிரண்டு பேர் வருவார்கள்.
அதில் மூன்று பேர் மின்விசிறிக்காக.

அன்றைக்குக் கதவு ஆய்வு.
வெளிநாட்டில் ஒரு கல்லூரி வளாகம்.
ஒருவன் வரைபடத்தோடு வந்து உங்களிடம் வழி கேட்கிறான்.
நேரே போங்கள், அந்த மரத்தண்டை திரும்புங்கள்,
சொல்லிக்கொண்டே இருக்கும்போது
உங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து
இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிப் போகிறார்கள்.
நம்ம ஊராக இருந்தால் வசவு விழுந்திருக்கும், என்றேன்.
சிரித்தார்கள்.

கதவு கடந்ததும் மிச்ச வழியைச் சொல்கிறீர்கள்.
ஆனால் எதிரில் நிற்பவன் வேறு ஆள்.
உயரம் வேறு, சட்டை வேறு, குரலும் வேறு.
கேட்டவன் கதவின் மறைவில்
அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.
தூக்கி வந்தவன் நின்றுவிட்டான், கையில் வரைபடத்தோடு.

பதினைந்து பேரிடம் செய்து பார்த்தார்கள்.
எட்டுப் பேருக்குத் தெரியவே இல்லை.

"எனக்கெல்லாம் தெரிஞ்சிடும்" என்றார்
ரயில்வேயில் கணக்கராக இருந்த சவரிமுத்து.
எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம் சார்,
அதையும் தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

கண் படம் பிடிப்பதில்லை, குறிப்பெடுக்கிறது.
'வழி கேட்கும் பையன்' என்று ஒரே ஒரு வரி.
அந்த வரி பொய்யாகாத வரைக்கும்
பையனை மாற்றி வைத்தாலும் மனம் முணுமுணுக்காது.
இந்த வாக்கியத்தை
முந்தின இரவு மூன்று தடவை திருத்தியிருந்தேன்.

நாளிதழ்ப் பலகையோரம் இருந்தவர் கை தூக்கினார்.
எத்திராஜ். பலகைக் கடை சுமையாள்.
"மேடம், கதவத் தூக்குனவன்தான வழி கேக்குறவனா மாறுனான்?"
ஆமாம்.
"அப்ப இதுல என்னா ஆச்சரியம் கீது?"

இருபத்திரண்டு வருசம் சிடன்ஹாம்ஸ் ரோட்டில்.
மீன்பாடி வண்டியில் ஏற்றி, இறக்கி,
லிஃப்டுக்குள் போகாததை மூணு மாடி சுமந்து.
"கதவு வருது, ஒதுங்குன்னுதான் பாப்பான்.
ரெண்டு பக்கமும் ஆளு கீறான்னு எவன் பாக்குறான்?"

என் பைக்குள் இரண்டாம் ஆய்வு இருந்தது.
நேரம் போதாதென்று விட்டுவிட்டது.
முதல் முறை கண்டுபிடித்தவர்கள் எல்லாம் இளைஞர்கள்,
கேட்டவன் வயதுக்காரர்கள்.
அதனால் அடுத்த தடவை கேட்பவனுக்கு
கட்டடத் தொழிலாளி உடை மாட்டிவிட்டார்கள், தலையில் தொப்பியோடு.
வழி சொன்னவர்கள் பன்னிரண்டு மாணவர்கள்.
இப்போதும் எட்டுப் பேருக்குத் தெரியவில்லை.
அந்தத் தாளை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது.

கூட்டம் முடிந்து
நூலகர் ஆரிஃபா நாற்காலிகளை அடுக்கும்போது வந்தார்.
"போன வருசம் உங்க வூட்டுக்குக் கதவு கொண்டாந்தேனே,
ஞாபகம் கீதா?"

போன வருடம் கதவு மாற்றியது உண்மை.
குளியலறைக் கதவு, நாலாயிரத்து இருநூறு ரூபாய்,
கீழ் மூலையில் கீறல், அதற்காகக் கடைக்காரரோடு சண்டை.
"இல்லாம என்ன" என்றேன்.
"பச்சைச் சட்டை போட்டிருந்தீங்க."
அதோடு நிறுத்தியிருக்கலாம்.
"மோர் கூடக் கொடுத்தேனே."

எத்திராஜ் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"உங்க வூடு எங்க கீதுன்னே எனக்குத் தெரியாது மேடம்.
சும்மா கேட்டுப் பாத்தேன்."

ஆரிஃபாவின் கையில் நாற்காலி அப்படியே நின்றது.
பிறகு மூன்று பேரும் சிரித்தோம்,
நான் கொஞ்சம் தாமதமாக.

இரவு மழை.
குளியலறைக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை.
தோளால் தள்ளிக்கொண்டே யோசித்தேன்.
கீறல் தெரிகிறது. ரசீது தெரிகிறது.
படியில் செருப்புச் சத்தம் கூடக் கேட்கிறது.
இரண்டு முனையிலும்
கதவு தானாக மிதந்து வருகிறது.